உழுவுந்தும் உழவன் மொழியும்

(செங்கழுநீர்ப்பட்டு உழவரிடை ஆற்றிய உரை)

 

செங்கழுநீர்ப்பட்டு ஏரிப் பாசன வயல்கள் முதல் மாமல்லைக் கடலோரம் வரை ஏர்மாடுகள் அருகிவிட்டன. அவ்விடத்தில் உழுவுந்து நிற்கின்றது. 'டிராக்டர்' என்கிறோமே, அதுதான்.

அயர்லாந்தில் பிறந்த ஆரி பெர்குசன், கலப்பையை மும்முனை இணைப்பால் உந்தோடு பூட்டி, எண்ணெய் அழுத்தத்தால் ஏற்றி இறக்கும் முறையைப் பரப்பினார். அவர் நிறுவனம் 1953இல் கனடாவின் மாசி-ஆரிசோடு இணைந்தது. 1958இல் மாசி பெர்குசன் எனப் பெயர் பெற்றது. அதன் கூட்டோடு 1960இல் சென்னையில் டாபே தோன்றியது. 2005இல் டாபே, ஐசர் உழுவுந்துகளையும் தன்வயமாக்கியது. 2012இல் மகிந்திராவின் ஆராய்ச்சி நடுவம் இச் செங்கழுநீர்ப்பட்டின் அண்டையிலேயே திறக்கப்பெற்றது.

பொறி நம் வாயிலுக்கு வந்துவிட்டது. பொறியின் மொழி வந்ததா?

உழுவுந்துக்கு இரு நூல்கள் உண்டு. ஒன்று ஓட்டுவோர் கையேடு. மற்றொன்று பழுது நீக்குவோர்க்கான பணிமனைக் கையேடு. இவற்றின் மூலம் ஆங்கிலம். எழுத்து தமிழாகிச் சொல் ஆங்கிலமாகவே நின்றால் உழவனுக்கு என்ன விளங்கும்?

சான்று ஒன்று கூறுவேன். சேற்றுழவில் அச்சுமுனையின் 'ஆயில் சீல்' தேய்ந்தால் நீர் உட்புகும். எண்ணெய் பால்போல் வெளுக்கும். அதனையறியாது ஓட்டினால் பற்சக்கரங்கள் கெடும். 'ஆயில் சீல்' என்பது வெற்றொலி. 'எண்ணெய்க் காப்பு வளையம்' என்று பாருங்கள். பெயரே அதன் பணியைச் சொல்லும், காக்கவும் தூண்டும். நடவுநாளில் உந்து நின்றால் கடன்தவணை நிற்குமா?

தமிழால் இயலாது என்பார்க்கு நம் வயலே விடை. உந்தின் பின்னே பூட்டும் கருவிகளைச் சட்டிக் கலப்பை, உளிக் கலப்பை, கொத்துக் கலப்பை, சுழல் கலப்பை என நம் உழவர் வழங்கவில்லையா? பின்னே பூட்டியதற்குத் தமிழ் வந்தது. முன்னே இழுப்பதற்கு மட்டும் வாராதா?

எனவே, உந்து வாங்குங்கால் விலையைக் கேட்பதோடு, நல்ல தமிழ்க் கையேட்டையும் கேளுங்கள். பட்டறைத் தொழிலாளரும் தமிழறிஞரும் ஒருங்கமர்ந்து உறுப்புதோறும் பெயர் காணட்டும். கைக்குப் பழகிய பொறி, கருத்துக்கும் பழகுதல் வேண்டும். அதுவரை நாம் அப்பொறிக்கு உடைமையாளரல்லர், வெறும் ஓட்டுநரே!