சத்தம் போட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்களா?

(காக்ஸ் டவுன் கிளையின் உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டி.வி.யை அணைத்துவிட்டு இவ்வளவு பேர் வந்திருப்பதே பெரிய விஷயம். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தோரு பேர். அதில் நான்கு பேர் கமிட்டி மெம்பர்கள், அவர்களால் வராமல் இருக்க முடியாது. மூன்று பேர் என் ஆத்து மனுஷா.

இந்தப் பேச்சுக்குத் தலைப்பு கேட்டு நம் பொருளாளர் போன மாதம் ஆத்துக்கு வந்தார். நாற்பது வயசுதான் ஆகிறது, விளம்பரத் துறையில் வேலை. "மாமா, 'விளம்பரமும் சமுதாயமும்'னு வெச்சேள்னா இருபது பேர்தான் வருவா. நம்ம மனுஷாளையே நாலு திட்டு திட்டற மாதிரி ஒரு தலைப்பு வையுங்கோ. பாதிப் பேர் சண்டை போட வருவா, மீதிப் பேர் சண்டையைப் பார்க்க வருவா. ஹால் நிரம்பிடும்" என்றார். ஒரு தலைப்பும் எடுத்துக் கொடுத்தார். அதை இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் அவர் ஜெயித்த மாதிரி ஆகிவிடும்.

அவர் போன பிறகு யோசித்தேன். அந்தப் பிள்ளை சொன்னது பொய் என்று தள்ள முடியவில்லை. அதையே இன்றைய விஷயமாக எடுத்துக்கொண்டேன்.

வேண்டுமென்றே ஒரு சர்ச்சையைக் கிளப்பி, கெட்ட பெயரானாலும் பரவாயில்லை என்று ஜனங்களின் கவனத்தை இழுப்பது இன்றைய கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் பார்னம் என்று ஒரு காட்சி வியாபாரி இருந்தார். 1835-ல் ஜாய்ஸ் ஹெத் என்ற கறுப்பின அடிமைக் கிழவியை, "இவளுக்கு 161 வயது, ஜார்ஜ் வாஷிங்டனைக் குழந்தையில் வளர்த்த தாதி" என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு காட்டினார். கூட்டம் குறைந்தது. உடனே பத்திரிகைக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிற்று: அது மனுஷியே இல்லை, ரப்பரும் ஸ்பிரிங்கும் வைத்துச் செய்த பொம்மை என்று. ஏற்பாடு பார்னமுடையதுதான். முன்பு பார்த்தவர்களும் மறுபடி டிக்கெட் வாங்கினார்கள். அடுத்த வருஷம் அந்தக் கிழவி இறந்ததும் பிரேத பரிசோதனையைக் கூட டிக்கெட் போட்டுக் காட்டினார். வயது எண்பதுக்கு மேல் இருக்காது என்றார் டாக்டர். வியாபாரிக்குக் கடைசி வரை லாபம். அந்தக் கிழவியை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் டைம்ஸில் வந்த புத்தக விமர்சனங்களையும் அந்தப் புத்தகங்களின் விற்பனையையும் ஒப்பிட்டு, மூன்று ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிரபல எழுத்தாளரைத் திட்டி விமர்சனம் வந்தால் விற்பனை 15 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. பேர் தெரியாத எழுத்தாளரைத் திட்டினாலோ, 45 சதவீதம் கூடியது! நாளாக ஆகத் திட்டு மறந்துபோகிறது, பெயர் மட்டும் மனசில் தங்குகிறது. இருக்கிறவனுக்கு நஷ்டம், இல்லாதவனுக்கு லாபம். நம் பொருளாளர் இந்தக் கட்டுரையைப் படிக்காமலேயே சரியாகச் சொல்லியிருக்கிறார்.

நம் ஊரிலேயே இதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். 1996 நவம்பரில் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்ததே, இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வெளியூர்க் கிளை அன்பர்களும் பேப்பரில் படித்திருப்பீர்கள். அமிதாப் பச்சனின் கம்பெனி ஏற்று நடத்தியது. 23-ம் தேதி சின்னசாமி ஸ்டேடியத்தில் போட்டி. என் ஆபீஸ் அப்போது கப்பன் ரோடு பக்கம். எங்கு பார்த்தாலும் போலீஸ், தடுப்புக் கட்டை. காக்ஸ் டவுன் பஸ்ஸைப் பிடிக்க சுற்றிக்கொண்டு நடந்தேன்.

அந்தச் சர்ச்சையைக் கம்பெனி வேண்டுமென்று கிளப்பியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதிர்த்தவர்களில் சிலருக்கும் இந்த சூட்சுமம் தெரிந்திருந்தது. ஊர்வலம் போனால் பேப்பரில் நாலு வரி. ஸ்டேடியத்துக்குள் புகுந்து தீக்குளிப்போம் என்று மிரட்டினால் முதல் பக்கம், வெளிநாட்டு டி.வி. எல்லாம். மிரட்டினார்கள், செய்தி உலகம் முழுக்கப் போயிற்று. நீச்சல் உடைச் சுற்றை மட்டும் ஸீஷெல்ஸ் தீவுக்குக் கொண்டுபோய் நடத்தினார்கள். போட்டி நடந்தது, கிரேக்க நாட்டுப் பெண் ஜெயித்தாள். கம்பெனிக்கும் அந்த ஆரவாரம் நிலைக்கவில்லை. சில வருஷங்களில் கடனில் மூழ்கி, நலிவடைந்த கம்பெனிகளைக் கவனிக்கும் போர்டிடம் போய் நின்றது.

ஆனால் ஸ்டேடியத்தில் தீக்குளிக்கிறேன் என்றவர்கள் யாரும் குளிக்கவில்லை. போட்டிக்குச் சில நாள் முன்பு, இங்கிருந்து வெகு தூரத்தில் மதுரையில், இருபது சொச்சம் வயசு இளைஞர் ஒருவர் இந்தப் போட்டியை எதிர்த்துத் தீக்குளித்து இறந்தார். பேச்சுக்குச் சொன்னதை ஒருத்தர் நிஜம் என்று எடுத்துக்கொண்டு விட்டாரோ என்று எனக்குத் தோன்றும். இன்றைக்கு அந்த அழகியின் பெயரைக் கேட்டால் யாராவது சொல்லக்கூடும். அந்த இளைஞரின் பெயரை எத்தனை பேர் சொல்வோம்?

இதுவரை சொன்னதில் எனக்குக் குழப்பம் ஒன்றும் இல்லை. இனி சொல்லப்போவதில்தான் குழப்பம்.

2024 பிப்ரவரி 2-ம் தேதி வெள்ளிக்கிழமை. பூனம் பாண்டே என்ற நடிகை கருப்பைவாய்ப் புற்றுநோயால் காலமானார் என்று அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்திலேயே அறிவிப்பு வந்தது. வயது 32. 2011 உலகக் கோப்பையில் இந்தியா ஜெயித்தால் ஆடை களைவேன் என்று சொல்லிப் பெயர் வாங்கியவர். டி.வி.யில் நாள் முழுக்க அதே செய்தி. மறுநாள் காலை, "நான் உயிரோடுதான் இருக்கிறேன், இந்த வியாதி பற்றி விழிப்புணர்வு வரட்டும் என்றுதான் செய்தேன்" என்று வீடியோவில் வந்து நின்றார். கூட வேலை செய்த விளம்பரக் கம்பெனி மன்னிப்புக் கேட்டது. நாடே இந்த வியாதியைப் பற்றித் தேடியது என்றும் கூடவே சொல்லிக்கொண்டது.

இதில் ஒரு வேடிக்கை. அதற்கு முதல் நாள்தான், பிப்ரவரி 1-ம் தேதி, இடைக்கால பட்ஜெட்டில் நிதி அமைச்சர் பார்லிமெண்டில் இதே வியாதியைப் பற்றிப் பேசினார். 9 முதல் 14 வயது வரை உள்ள பெண் குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசியை அரசு ஊக்குவிக்கும் என்று. நான் பட்ஜெட் உரையை முழுசாகப் பார்த்தேன். இது காதில் விழவே இல்லை! வருமான வரி விகிதம் மாறுகிறதா என்றுதான் காத்துக்கொண்டிருந்தேன். மாறவில்லை. டி.வி.யை அணைத்துவிட்டேன். அரசாங்கத்தில் முப்பத்தைந்து வருஷம் சர்க்குலர் எழுதினவன் நான். முறைப்படி அறிவித்தால் யார் காதிலும் ஏறாது என்பது எனக்குத் தெரியாததா?

சனிக்கிழமை உண்மை வெளியானபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. டி.வி.யைப் பார்த்துக் கத்தினேன். "சாவிலயா விளையாடறது? இந்த வியாதியில செத்தவாளோட கஷ்டம் இவளுக்குத் தெரியுமா?" என்றேன். காபி கொண்டு வந்த மாட்டுப்பெண் நின்றாள். "அப்பா, உங்களுக்குத் தெரிஞ்சவா யாராவது இருந்தாளா?" என்றாள்.

இருந்தாள். என் அக்கா. 1986-ல், 48 வயசில், ஸ்ரீரங்கத்தில் போனாள். இரண்டு வருஷமாக உதிரப்போக்கு இருந்திருக்கிறது, யாரிடமும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு வியாதியின் பெயரைச் சொன்னார். என் அம்மா, "வெளியில ஒருத்தருக்கும் மூச்சு விடப்படாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்த இடத்தின் பெயரைச் சொல்லி எப்படிப் பேசுவது? கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள் இருக்கிற ஆம் வேறு. திருநெல்வேலியிலிருந்து சித்தி கார்டு போட்டுக் கேட்டிருந்தாள். "அக்காவுக்கு வயிற்றில் அல்சர், மருந்து சாப்பிடுகிறாள்" என்று இன்லண்ட் லெட்டரில் பதில் எழுதியவன் நான்தான். பிஸிக்ஸில் பி.எஸ்ஸி. படித்தவன், அரசாங்க அதிகாரி, என் கையெழுத்திலேயே எழுதினேன். அதற்குப் பிறகும் அல்சர் என்றே சொல்லி வந்தோம். என் பிள்ளைக்கும் அதுதான் தெரியும்.

மாட்டுப்பெண் கேட்டுக்கொண்டே நின்றாள். "இத்தனை வருஷமா எங்ககிட்ட இதைச் சொல்லவே இல்லையே அப்பா" என்றாள், அவ்வளவுதான். நடிகை ஒரு நாள் பொய் சொன்னாள். நாங்கள் 38 வருஷம் சொல்லியிருக்கிறோம்.

அடுத்த வாரமே என் பேத்தியை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனாள். அப்போது குழந்தைக்குப் பன்னிரண்டு வயசு. ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, இரண்டும் போட்டாயிற்று. கணக்குப்படி பார்த்தால் அந்த நடிகை அடித்த கூத்தினால் என் ஆத்தில் நல்லது நடந்திருக்கிறது. நான் மேடையில் நின்று அவரைத் திட்டினால் அது நியாயமா?

பல நாள் யோசித்து, எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். சத்தம் கவனத்தைக் கொண்டுவரும். எதை மனசில் பதிய வைக்கிறது என்பதுதான் கேள்வி. 32 வயசுப் பெண், நேற்று வரை நன்றாக இருந்தவள், திடீரென்று போய்விட்டாள். அந்த ஒரு நாள் ஜனங்கள் கற்றுக்கொண்டது இதுதானே? உண்மை நேர்மாறு. இந்த வியாதி பெரும்பாலும் ஹெச்.பி.வி. என்கிற வைரஸால் வருகிறது. இதை நிறுவியதற்காக ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸ் தொற்றிலிருந்து புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பதினைந்து இருபது வருஷம் ஆகிறது. அத்தனை வருஷம் நமக்கு அவகாசம் தருகிற புற்றுநோய் இது. முப்பது வயசுக்கு மேல் சோதனை செய்துகொண்டால் புற்றாக மாறும் முன்பே பிடித்துவிடலாம். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணமாகும். பாப் ஸ்மியர் சோதனை என் அக்கா காலத்திலேயே பழசு. இவ்வளவு இருந்தும் 2022-ம் வருஷ மதிப்பீட்டின்படி நம் நாட்டில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்குப் புதிதாக வந்தது, சுமார் 80 ஆயிரம் பேர் இறந்தார்கள். "நிதானமாக வரும், முன்கூட்டியே தெரியும், தப்பிக்கலாம்" என்பதைத் திடீர்ச் சாவு நாடகம் போட்டு எப்படிச் சொல்ல முடியும்? அன்றைக்கு சிகிச்சையில் இருந்த பெண்கள் அந்தச் செய்தியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்திருப்பார்களே, அவர்களிடம் யார் மன்னிப்புக் கேட்டார்கள்?

இன்னொன்று, கொஞ்சம் பிஸிக்ஸ் வாத்தியார் மாதிரி சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வெபர் விதி என்று உண்டு. கையில் நூறு கிராம் வைத்திருக்கும்போது ஐந்து கிராம் கூடினால் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ வைத்திருக்கும்போது அதே ஐந்து கிராம் தெரியாது, ஐம்பது கிராம் கூட்ட வேண்டும். சர்ச்சையும் அப்படித்தான். 2011-ல் ஆடை, 2024-ல் சாவு. அதற்கு மேல் எதைச் சொல்லித் திரும்பிப் பார்க்க வைப்பது? நாளைக்கு நிஜமாகவே ஒரு நடிகைக்கு இந்த வியாதி வந்து சொன்னால், விளம்பரமாக இருக்கும் என்றுதானே முதலில் நினைப்போம்? புலி வருது கதையில் பையன் மட்டுமா நஷ்டப்பட்டான், ஆடுகளும்தான் போயின.

அதற்காக எங்கள் மாதிரி வாயை மூடிக்கொண்டு இருப்பதா? அதன் விலையும் எனக்குத் தெரியும். நாம் பேசாமல் விட்ட இடத்தில்தான் அந்த நடிகை வந்து நின்றாள். வீட்டுக்கு வீடு பெரியவர்கள் சொல்லியிருந்தால் அவளுக்கு அங்கே என்ன வேலை?

கடைசியாக ஒரு அறிவிப்பு, செயலாளர் சொல்லச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு பெண் டாக்டர் பேச வருகிறார். நோட்டீசில் "கருப்பைவாய்ப் புற்றுநோயும் தடுப்பூசியும்" என்று முழுசாக அச்சடித்திருக்கிறோம். ப்ரூஃப் பார்த்த ஒரு மாமா போன் செய்து, "மகளிர் நலம்னு பொதுவா போட்டுடலாமே" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்தத் தலைப்புக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று பொருளாளரிடம் கேட்டேன். இருபது என்கிறார். ஒன்பது வயசுக்கு மேல் பெண் குழந்தை இருக்கிற ஆத்துக்காரர்கள் கையைத் தூக்குங்கள், பார்க்கலாம். பதினொன்று. குழந்தையோட அம்மாவையும் பாட்டியையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். ஆண்களும் வர வேண்டும். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.