அங்கன்வாடியில் பெற்றோரின் இடம்

(கட்சிக் கிளைச் செயலாளர்களுக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் இன்று ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடி மையங்களாக விரிந்துள்ளது. துணை ஊட்டச்சத்து, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கான பரிந்துரை, தாய்மார்களுக்கான நலக்கல்வி ஆகிய ஆறும் அதன் பணிகள். பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளைக் கொண்ட ஏழைக் குடும்பங்களுக்கு இதனினும் பரந்த ஆதரவு இந்நாட்டில் வேறில்லை.

ஆயினும் 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றியும், 32.1 சதவீதத்தினர் வயதுக்கேற்ற எடையின்றியும் உள்ளனர். தாயின் அறியாமையே இதற்குக் காரணம் என்னும் விளக்கம் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. அதை ஏற்றுக்கொண்டால், பெற்றோரின் பங்கேற்பு என்பது மாதம் ஒருமுறை வந்து அறிவுரை கேட்டுச் செல்வதாகச் சுருங்கிவிடும். விடியற்காலையில் கட்டட வேலைக்குப் புறப்படும் தாய்க்குக் குழந்தை முட்டையும் கீரையும் உண்ண வேண்டும் என்பது தெரியும். அவளிடம் இல்லாதவை போதிய கூலியும் ஓய்வு நேரமும்தான்.

ஏழைப் பெற்றோர் வெறும் பயனாளிகள் அல்லர். சட்டப்படி உரிமை பெற்றவர்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001இல் தொடுத்த உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இரு ஆணைகளை ஒவ்வொரு கிளையும் அறிந்திருக்க வேண்டும். அங்கன்வாடி உணவு வழங்கலில் ஒப்பந்ததாரர்களை ஈடுபடுத்தக் கூடாது, தானியக் கொள்முதலுக்கும் சமையலுக்கும் கிராம மக்கள், சுயஉதவிக் குழுக்கள், மகளிர் மன்றங்கள் ஆகியோருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பது 2004 அக்டோபர் ஆணை. ஆறு வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் மையம் இல்லாத கிராமப்புறக் குடியிருப்பினரோ குடிசைப்பகுதி மக்களோ கோரினால், மூன்று மாதங்களுக்குள் மையம் அமைக்க வேண்டும் என்பது 2006 டிசம்பர் ஆணை.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவச உணவை உரிமையாக்கியது. உணவு வழங்கப்படாவிட்டால் அதற்கீடான படி தரப்பட வேண்டும். மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலரிடமும் மாநில உணவு ஆணையத்திடமும் முறையிட வழியுண்டு. ஆனால் கல்வியைப் பொறுத்தவரை 6 முதல் 14 வயது வரைதான் அடிப்படை உரிமை. ஆறு வயதுக்கு உட்பட்டோரின் பராமரிப்பும் கல்வியும் 45ஆவது பிரிவில் அரசு பின்பற்ற வேண்டிய நெறியாக மட்டுமே நிற்கின்றன.

இந்த உரிமைகளை ஒன்றிய அரசு எவ்வாறு நலிவடையச் செய்கிறது? சாதாரணக் குழந்தை ஒன்றின் ஒருநாள் உணவுக்கு 2017இல் அது வகுத்த செலவு 8 ரூபாய். பருப்பு, எண்ணெய், எரிவாயு விலைகள் அந்த ஆண்டோடு நின்றுவிடவில்லை. அங்கன்வாடி ஊழியருக்கு 2018 அக்டோபரில் நிர்ணயித்த 4,500 ரூபாயும் உதவியாளருக்கான 2,250 ரூபாயும் ஊதியம் என்றுகூட அழைக்கப்படுவதில்லை; மதிப்பூதியமாம். இவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே அந்த உரிமை ஏற்கப்பட்டது. வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவைப் பெற முக அடையாளச் சரிபார்ப்பும் புகுத்தப்பட்டுள்ளது. இணையமோ கைப்பேசியோ ஒத்துழைக்காதபோது தாய் வெறுங்கையோடு திரும்ப நேர்கிறது.

அப்போது அவளது கோபம் யார்மீது திரும்புகிறது? எதிரே நிற்கும் ஊழியர்மீதுதான். நிதியைக் குறைத்தவர்கள் கண்ணில் படுவதில்லை. ஏழைத் தாயும் ஏழை ஊழியரும் ஒருவரோடொருவர் மோதிக்கொள்வது ஆட்சியாளர்களுக்கு வசதியானது. மையத்தின்மீது நம்பிக்கை இழந்த பெற்றோர், அரைக்கூலியைச் செலவிட்டேனும் தனியார் மழலையர் பள்ளியை நாடுகின்றனர். குழந்தைகள் குறைந்தவுடன் மையத்தை இணைக்கவோ மூடவோ காரணம் கிடைத்துவிடுகிறது.

இதை முறியடிக்கும் கருவி பெற்றோரின் அமைப்புரீதியான பங்கேற்பே. அங்கன்வாடி அளவிலான கண்காணிப்பு மற்றும் ஆதரவுக் குழுக்களுக்கு 2011ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்களிலேயே இடமுண்டு. பல இடங்களில் அவை ஏட்டளவில் உறங்குகின்றன. கூலித் தொழிலாளரும் தலித், பழங்குடிக் குடும்பத்தாரும் அவற்றில் அமர வேண்டும். வேலைக்குச் செல்வோர் வரக்கூடிய மாலை நேரத்தில் கூட்டம் நடைபெற வேண்டும். இருப்புப் பதிவேடும் குழந்தைகளின் எடைப் பதிவும் அங்கே வாசிக்கப்பட வேண்டும்.

கிளைகளின் உடனடிக் கடமைகள் மூன்று. முதலாவது, மையமில்லாத குடியிருப்புகளிலும் செங்கல் சூளைகளிலும் குழந்தைகளைக் கணக்கெடுத்து, 40 பேர் இருக்கும் இடங்களில் பெற்றோரின் கையொப்பத்துடன் எழுத்துபூர்வமாகக் கோருவது. இரண்டாவது, கண்காணிப்புக் குழுக்களை உயிர்ப்பித்து, உழைக்கும் தாய்மாரின் வேலை நேரத்துக்கேற்ற குழந்தைக் காப்பகத்தை மையத்துடன் இணைக்கக் கோருவது. மூன்றாவது, ஊழியர்களின் ஊதியக் கோரிக்கையையும் குழந்தைகளின் உணவுக் கோரிக்கையையும் ஒரே மனுவில், ஒரே ஊர்வலத்தில் கொண்டுசெல்வது.

ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நாளில் பெற்றோர் அவர்களுக்குப் பக்கத்தில் நிற்பார்களா, எதிரே நிற்பார்களா என்பதே இப்பணிக்கான உரைகல்.