பரவை முனியம்மாவுக்கு மலையிலிருந்து ஒரு வணக்கம்



நாட்டுப்புறப் பாடகி பரவை முனியம்மா மறைந்தது 2020 மார்ச் 29. கொரோனா ஊரடங்கு தொடங்கி ஐந்தாம் நாள். குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு என்று எந்தப் பக்கமும் நாம் இறங்க முடியாத நேரம். கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிவரும் ஜீப்புகளும் ஓடவில்லை. நம் லயத்தில் ஒரு கிழவி செத்தால்கூட, ஒப்பாரி வைக்கப் பக்கத்து எஸ்டேட் பெண்களும் வந்துவிடுவார்கள். ஊர் ஊராகப் போய்ப் பாடிய அந்த அம்மாவுக்கு, ஊர் கூடி அழ வழியில்லாமல் போயிற்று. அந்தக் கடன் என் நெஞ்சில் இன்னும் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டதும் ஓடி வந்தேன்.

மதுரைக்காரப் பாடகிக்கும் நமக்கும் என்ன உறவு என்று பிள்ளைகள் கேட்கலாம். தேக்கடியில் தேங்கும் பெரியாற்றுத் தண்ணீர் 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே இறங்குகிறது. வைகையில் சேர்ந்து மதுரைச் சீமைக்குப் போகிறது. மதுரையை ஒட்டி, அந்த வைகைப் பக்கம் இருக்கும் ஊர்தான் பரவை. தண்ணீர் இங்கிருந்து இறங்கியது, பாட்டு அங்கிருந்து ஏறியது. கங்காணிக்குப் பின்னால் மலையேறிய நம் பாட்டிமார் நடவுப் பாட்டையும் தாலாட்டையும் சேர்த்துத்தான் கொண்டுவந்தார்கள். 1956-இல் மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன. ஆனாலும் எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கி கட்டினால், அதில் முதலில் கேட்டது தெம்மாங்குதான்.

2003-இல் ‘தூள்’ படம் வந்தது. ஆலைக்கழிவால் ஊர்த்தண்ணீர் கெட்டுப்போக, நியாயம் கேட்டுச் சென்னைக்குப் போகிறவர்களோடு போகும் பாட்டி வேடம் முனியம்மாவுக்கு. விக்ரம் சண்டை போடுகிறார், இந்த அம்மா நின்று பாடுகிறார். வித்யாசாகரின் இசை அந்தக் குரலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. அன்று முதல் அவர் ‘தூள் பாட்டி’ ஆகிவிட்டார். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. அந்தச் சில நிமிடத்துக்குப் பின்னால், கிராமத்துக் கோயில் மேடைகளில் பாடிப் பாடியே கழிந்த ஒரு வாழ்க்கை இருக்கிறது. சினிமாக்காரர்கள் தேடி வருவதற்கு வெகுநாள் முன்பே, திருவிழாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அவரை அழைத்தவர்கள் சாதாரண ஊர்க்காரர்கள்.

அந்தக் குரலை நினைத்துப் பாருங்கள். அடிவயிற்றிலிருந்து எடுத்து உச்சியில் கொண்டுபோய் நிறுத்துவார். கொஞ்சுகிற குரல் இல்லை, குழைகிற குரல் இல்லை. அடுத்த வரப்பில் குனிந்து நிற்கிறவளுக்கும் கேட்க வேண்டுமே, அந்தத் தேவையில் விளைந்த குரல். நம் தேயிலைச் சரிவில் மேல்காட்டிலிருந்து கீழ்க்காட்டுக்குக் கூப்பிடும் அக்காமார் குரலும் அதே இனம்தான். சங்கீதப் பள்ளியில் அதற்குப் பாடம் கிடையாது. வெயிலிலும் மழையிலும் வேலை செய்த உடம்புதான் அதைக் கற்றுத்தருகிறது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பாலக்காட்டு அட்டப்பாடியில் ஆடு மாடு மேய்த்த இருளர் தாய் நஞ்சியம்மாவுக்கு, ‘அய்யப்பனும் கோஷியும்’ படப் பாட்டுக்காக 2022-இல் தேசிய விருது அறிவித்தார்கள். முறையாகப் பாட்டுப் படித்தவர்கள் இருக்க இவருக்கா என்று அப்போது சிலர் கேட்டார்கள். கேட்டவர்களிடம் எனக்குக் கோபம்தான். தலைமுறை தலைமுறையாகக் காட்டில் பாடிவந்தது படிப்பில்லாமல் வேறென்ன?

முனியம்மாவைக் கடைசிக் காலத்தில் நோயும் வறுமையும் சேர்ந்தே வாட்டின. 2015-இல் தமிழ்நாடு அரசு 6 லட்சம் ரூபாயை வைப்புத்தொகையாகப் போட்டு, மாதாமாதம் வட்டி கிடைக்கச் செய்தது. கலைமாமணி விருதும் வந்தது. நல்ல காரியங்கள். ஆனால் படத்தில் முகம் தெரிந்ததால் அவருக்கு இவ்வளவாவது கிடைத்தது. முகம் தெரியாத பாட்டிமார் வண்டிப்பெரியாரில் இருக்கிறார்கள், மறையூரில் இருக்கிறார்கள், கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறார்கள்.

தம்பி தங்கைகளே, உங்கள் எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. வீட்டில் பாடத் தெரிந்த அம்மாச்சியை உட்கார வைத்துப் பதிவு செய்யுங்கள். பின்னணி இசை சேர்க்க வேண்டாம், வெட்டி ஒட்ட வேண்டாம். பாடுகிறவர் பெயர், எந்த எஸ்டேட், எந்த வேலைக்கு, எந்தச் சடங்குக்குப் பாடுவது என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி ஊர் நூலகத்தில் இருக்கட்டும். முன்வரிசையில் பாடக் காத்திருக்கும் அம்மாமாரிலிருந்தே தொடங்குங்கள். அவர்களுக்கு வழிவிட்டு நான் அமர்கிறேன்.