நெஞ்சில் ஈரம் மட்டும் போதுமா?

(பங்கின் பொன்விழாத் தொடக்க நாள் மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா மேடையில் பங்குத்தந்தை பேச எழுந்தால், கோயில் எழுந்த கதையையும் கல் சுமந்த முன்னோரின் பெருமையையும்தான் பேசுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். அந்த வரலாற்றை இம்மலரில் வேறு அன்பர்கள் அழகுற எழுதியிருக்கிறார்கள். நாம் இன்று எடுத்துக்கொள்ளும் பொருள் வேறு.

சென்ற தவக்காலத்தில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் நம்மைப் பார்க்க வந்தார். அவருடைய மகள் பட்டப்படிப்பை முடித்திருக்கிறாள். அடுத்துச் சமூகப்பணியில் முதுகலை படிக்க வேண்டும், பிறகு அகதிகள் நடுவிலும் பேரிடர் நேர்ந்த நாடுகளிலும் பணியாற்ற வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடிக்கிறாளாம். "ஏழைக்கு ஒரு வாய்ச் சோறு போட ரெண்டு வருசம் காலேஜில படிக்கணுமா சாமி? மனசுல ஈரம் இருந்தாப் போதாதா? நீங்களே அவளுக்கு எடுத்துச் சொல்லுங்க" என்றார். நியாயமான கேள்வி. அன்று நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தத் தாய் இக்கூட்டத்தில்தான் எங்கோ அமர்ந்திருக்கிறார். யார் என்று யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்! அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை இன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறோம்.

பதிலைத் தேடியபோது நம் நினைவுக்கு முதலில் வந்தது ஒரு லாரி.

2004 டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை எழுந்து நம் கடற்கரையை வாரிச் சென்றது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். நாம் அப்போது இதே பங்கில் உதவிப் பங்குத்தந்தை. குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கோயில் மணியை அடித்து மக்களைக் கூட்டினோம். வின்சென்ட் தே பவுல் சபையார் தெருத் தெருவாகச் சென்றார்கள். மூன்றே நாளில் ஒரு லாரி நிறையத் துணி சேர்ந்தது. உங்களில் பலர் அன்று மூட்டை கட்டினீர்கள், நினைவிருக்கும். நாமும் இளைஞர் நால்வரும் அந்த லாரியில் ஏறி நாகைக்குப் புறப்பட்டோம்.

அங்கே கண்ட காட்சியை இதுவரை நாம் இந்தப் பங்கில் முழுவதும் சொன்னதில்லை. சாலை ஓரங்களில் பழந்துணி குவியல் குவியலாகக் கிடந்தது. நமக்கு முன்பே எத்தனையோ ஊர்களின் லாரிகள் வந்து கொட்டிவிட்டுப் போயிருந்தன. எடுப்பார் யாருமில்லை. நம் மூட்டைகளை எங்கே இறக்குவது என்று கேட்கவும் ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு முகாமின் வாசலில் நின்றோம். ஒரு மீனவத் தாய் எழுந்து வந்து மூட்டைகளைப் பார்த்தார். "சோறாக்க ஒரு பானையும், பொம்பளைங்க ஒதுங்க ஒரு மறைப்பும் இருந்தாக் கொடுங்க சாமி" என்றார். நம் லாரியில் அந்த இரண்டும் இல்லை. நம் நெஞ்சில் ஈரத்துக்கு அன்று குறைவே இல்லை. ஆனால் புறப்படுமுன் "அவர்களுக்கு என்ன தேவை?" என்று கேட்க நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நம் பிழையால் உயிர்ச்சேதம் எதுவும் நேரவில்லை. வேறிடங்களில் அப்படியில்லை. ஒரே நோய் இரண்டு முகாம்களில் பரவிய வரலாற்றைக் கேளுங்கள்.

1971ஆம் ஆண்டு. கிழக்கு வங்காளத்தில் நடந்த போருக்கு அஞ்சி ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் நம் நாட்டுக்குள் வந்தார்கள். மேற்கு வங்காளத்தின் போன்காவ் நகரில் அகதிகளிடையே காலரா பரவியது. மருத்துவமனைத் தரையில் நோயாளிகள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். நரம்பு வழி ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோகும் நிலை. அங்கே பொறுப்பிலிருந்தவர் மருத்துவர் திலீப் மகலனோபிஸ். வாய்வழியாகவே நீரிழப்பை ஈடுசெய்ய முடியும் என்பதை அவர் கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்து அறிந்திருந்தார். சாதாரண உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் அளந்து கலந்து பொட்டலம் கட்டச் செய்தார். அதைத் தண்ணீரில் கரைத்து நோயாளிக்குப் புகட்டும் வேலையைத் தாய்மாரிடமும் உறவினரிடமும் ஒப்படைத்தார். அதற்கு முன் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. இன்று நம் வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்கிறோமே உப்பு சர்க்கரைக் கரைசல், அதற்கு உலகம் முழுவதும் மதிப்பு ஏற்படுத்தித் தந்தது அந்த முகாம்தான்.

இனி 1994ஆம் ஆண்டு. ருவாண்டா நாட்டில் நடந்த கொடிய இனப்படுகொலைக்குப் பின், ஜூலை மாதத்தில், சில நாட்களுக்குள் லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி அன்றைய ஜயர் நாட்டின் கோமா நகரில் குவிந்தார்கள். எரிமலைப் பாறை நிலம். கழிப்பிடம் தோண்டவும் முடியாது, கல்லறை தோண்டவும் முடியாது. காலராவும் சீதபேதியும் பரவின. முதல் மாதத்திலேயே ஏறக்குறைய 50,000 பேர் மடிந்தார்கள். உலகெங்குமிருந்து தொண்டு நிறுவனங்கள் விரைந்தன. பலர் உயிரைக் கொடுத்து உழைத்தார்கள். ஆனால் 1996இல் பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஆய்வு ஒரு கசப்பான உண்மையையும் சொன்னது: வந்தவர்களில் சிலர் போதிய பயிற்சியும் பொறுப்பும் இல்லாமல் வேலை செய்ததால், காப்பாற்றியிருக்கக் கூடிய உயிர்களும் போயின. 1971இல் நம் நாட்டு மருத்துவர் காட்டிய வழி இருபத்து மூன்று ஆண்டுகளாக உலகத்தின் கையில் இருந்தது. அதைச் சரியாகச் செய்யத் தெரிந்த கைகள்தாம் அங்கே போதவில்லை.

இந்த வேதனையிலிருந்து பிறந்ததே 1997இல் தொடங்கிய ஸ்பியர் என்னும் முயற்சி. செஞ்சிலுவை இயக்கமும் பல தொண்டு நிறுவனங்களும் கூடி, துயருற்ற மனிதனுக்குக் குறைந்த அளவாக எவை கிடைக்க வேண்டும் என்று வகுத்தார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், தங்குவதற்கு 3.5 சதுர மீட்டர் கூரையிட்ட இடம். 20 பேருக்கு ஒரு கழிப்பறை. அதிலும் பெண்களுக்குத் தனியே, உள்ளே தாழிடக் கூடியதாக. கேட்டீர்களா? நாகையில் அந்தத் தாய் கேட்ட மறைப்பு உலகப் பொது அளவுகோலிலேயே எழுதப்பட்டிருக்கிறது! நாம் அதைப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் இந்தப் படிப்பில் என்னதான் கற்றுக்கொடுக்கிறார்கள்? துயருற்றவர்களிடம் பேசித் தேவையைக் கணக்கெடுப்பது, தண்ணீர், உணவு, உறைவிடம் ஆகியவற்றைத் திட்டமிடுவது, வந்த பணத்துக்குக் கணக்குக் காட்டுவது, அகதிகளுக்குரிய சட்டத்தை அறிவது, பிள்ளைகளையும் பெண்களையும் பாதுகாப்பது, மனம் உடைந்தவரிடம் எப்படிப் பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது, இவையெல்லாம் பாடங்கள். இன்னொன்றும் உண்டு. நம் போன்றவர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டியது அது. 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் ஏற்ற நடத்தை விதிகளின்படி, உதவி தேவையைப் பார்த்தே தரப்பட வேண்டும். சாதியையோ சமயத்தையோ பார்த்துத் தரக் கூடாது. உதவியைக் காட்டி யாரையும் எந்தக் கட்சிக்கும் எந்தச் சமயத்துக்கும் இழுக்கக் கூடாது.

இதைப் படிக்கக் கடல் கடக்க வேண்டும் என்பதில்லை. நம் நாட்டில் சமூகப்பணிக்கென்று முதல் கல்லூரி 1936இல் பம்பாயில் டாட்டா அறக்கட்டளையால் தொடங்கப்பட்டது. அதுவே இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் சமூகப்பணிக் கல்லூரி எழுந்தது. இலயோலா, ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரிகளிலும் சமூகப்பணித் துறைகள் இருக்கின்றன. எம்.எஸ்.டபிள்யூ. என்னும் இந்தப் படிப்பு இரண்டு ஆண்டு, வகுப்பறையோடு முடிவதில்லை. சேரியிலும் மருத்துவமனையிலும் கிராமத்திலும் களப்பணி செய்தால்தான் பட்டம். அதன்பின் வெளிநாட்டுப் பணிக்கே உரிய மேற்படிப்பை நாடுவோர்க்கு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சில சேர்ந்து 1993 முதல் நடத்திவரும் நோஹா என்னும் முதுகலைப் படிப்பு உண்டு. நியூயார்க்கில் இயேசு சபையாரின் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்திலும் மனிதநேய உதவிக்கென்றே படிப்புகள் இருக்கின்றன.

பெற்றோரே, இனிப்பை மட்டும் காட்டி உங்களை ஏமாற்ற மாட்டோம். இந்த வேலையில் பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம்தான். முதலில் நம் நாட்டிலேயே சில ஆண்டுகள் உழைத்துத் தேர்ந்தால்தான் வெளிநாட்டு நிறுவனங்கள் ஏறெடுத்துப் பார்க்கும். பணம் தரும் நாடுகள் கையை மூடினால் வேலையும் போகும். 2025இல் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தை மூடியபோது உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஆபத்தும் உண்டு. 2003 ஆகஸ்ட் 19இல் பாக்தாதில் ஐ.நா. அலுவலகம் குண்டுவெடிப்பில் தகர்ந்து 22 பேர் இறந்தார்கள். 2006 ஆகஸ்டில் இலங்கையின் மூதூரில் ஒரு பன்னாட்டுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இவற்றையெல்லாம் அந்தப் பெண்ணிடமும் மறைக்காமல் சொன்னோம். "தெரியும் சாமி. தெரிஞ்சுதான் கேக்குறேன்" என்றாள்.

இனி ஒரு குருவின் கதையைச் சொல்லி முடிக்கிறோம். பேத்ரோ அருப்பே என்னும் ஸ்பெயின் நாட்டு இளைஞர் மாட்ரிட் நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். படிப்பைப் பாதியில் விட்டு 1927இல் இயேசு சபையில் சேர்ந்தார். 'இத்தனை ஆண்டு படித்தது வீணாயிற்றே' என்று ஊரார் அன்று நினைத்திருக்கக் கூடும். 1945 ஆகஸ்ட் 6 அன்று அவர் ஹிரோஷிமா நகரின் ஓரத்தில் நவசந்நியாசிகளின் தலைவராக இருந்தார். அணுகுண்டு விழுந்தது. முதலில் சிற்றாலயத்துக்குச் சென்று முழந்தாளிட்டார். எழுந்து வந்து மடத்தையே மருத்துவமனை ஆக்கினார். கையில் இருந்த போரிக் அமிலத்தைக் கொண்டு வெந்த புண்களுக்கு மருந்திட்டு, ஏறக்குறைய 150 பேருக்குச் சிகிச்சை செய்தார். வீணாயிற்று என்ற படிப்பு அன்று உயிர்களைக் காத்தது. அதே அருப்பே அடிகளார் பின்னாளில் சபையின் தலைவரானார். படகுகளில் தப்பி வந்த வியட்நாம் அகதிகளின் துயரம் கண்டு 1980 நவம்பர் 14இல் இயேசு சபை அகதிகள் பணியைத் தொடங்கினார். தமிழ்நாட்டு முகாம்களில் ஈழத்துப் பிள்ளைகளின் கல்விக்கும் அந்த அமைப்பு உழைத்து வந்திருக்கிறது.

அந்தத் தாய்க்கு நம் பதில் இதுதான். அம்மா, மனதில் ஈரம் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் எந்தப் பட்டமும் வெறும் காகிதம். ஆனால் ஈரம் மட்டும் இருந்தால், நாம் நாகைக்குக் கொண்டுபோன லாரிதான் மிஞ்சும். உவமையில் வரும் நல்ல சமாரியன் அழுதுவிட்டுப் போகவில்லை. காயத்துக்கு எதை வார்ப்பது, எப்படிக் கட்டுவது என்று அறிந்திருந்தான். சத்திரக்காரனிடம் பணம் கொடுத்தான். திரும்பி வந்து கணக்குப் பார்ப்பதாகவும் சொன்னான். அவன் இரக்கத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது.

பங்கு மக்களே! பொன்விழா நினைவாக நுழைவாயிலில் ஓர் அலங்கார வளைவு எழுப்ப விழாக்குழுவினர் விரும்புகிறார்கள். நாம் தடுக்கவில்லை. வளைவின் உயரத்தில் ஐந்தடி குறைத்தால் கோயிலின் அழகு குறைந்துவிடாது என்று மட்டும் சொல்கிறோம். அந்த ஐந்தடிக்கான பணத்தைத் தனியே வைத்து, இவ்வூர்ப் பிள்ளை ஒருவர், எந்தச் சமயத்தவராயினும், எந்தத் தெருவினராயினும், சமூகப்பணி படிக்க உதவித்தொகை தரலாம். வரும் ஞாயிறு பங்குப் பேரவை கூடும்போது இதை முன்வைக்க இருக்கிறோம். முடிவு உங்களுடையது.

இனியொரு பேரிடர் வராதிருக்க மன்றாடுவோம். வந்துவிட்டால், நம் பங்கிலிருந்து புறப்படும் லாரியில் என்ன ஏற்ற வேண்டும் என்று கேட்டுச் சொல்லத் தெரிந்த ஒருவராவது நம்மிடையே இருக்கட்டும்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.