கையொப்பத்துக்குப் பின் நடப்பது



1967 ஜூன் 12ஆம் நாள் வரை மலேசியா, சிங்கப்பூர், புரூணை ஆகிய மூன்றிலும் பொது நாணயமே புழங்கியது. அன்றுதான் மூன்றும் தத்தம் நாணயங்களைத் தனித்தனியே வெளியிட்டன. அதிலிருந்து இரண்டு மாதம் கழிவதற்குள், ஆகஸ்ட் 8 அன்று, இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் பேங்காக்கில் கூடி ஆசியான் அமைப்பைத் தோற்றுவித்தன. பிரிட்டிஷ் பேரரசு கட்டிவைத்திருந்த பொருளாதாரப் பிணைப்பு அவிழ்ந்துகொண்டிருந்த அதே ஆண்டில், சுதந்திர நாடுகள் தாமே விரும்பி ஏற்கும் பிணைப்பு ஒன்று தொடங்கியது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளுக்கு யாழ்ப்பாணத் தமிழர் வந்ததும், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டத் தமிழகத்தார் வந்ததும் பழைய பிணைப்பின் வழியாகவே. அதற்கு நாடுகளுக்கிடையே உடன்படிக்கை எதுவும் வேண்டியிருக்கவில்லை, ஒரே பேரரசின் அலுவலக ஆணைகளே போதுமாயிருந்தன; 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குத் தொழிலாளரை உதவித்தொகையில் அனுப்புவதைத் தடை செய்தபோது, ஆணையால் திறந்த வழி ஆணையாலேயே அடைபட்டது.

பேங்காக்கில் சிங்கப்பூருக்காகக் கையொப்பமிட்ட எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்து, சிரம்பானில் வளர்ந்து, கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கழகத்தில் படித்தவர்; மலேசியாவுக்காகக் கையொப்பமிட்டவர் துன் அப்துல் ரசாக். ஒரு நாள் குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் இரு நாடுகளும் பிரிந்திருந்தன. இந்தோனேசியா மலேசியாவுக்கு எதிராக 1963இல் தொடங்கிய ‘மோதல்’ கொள்கை 1966 ஆகஸ்டில்தான் முடிவுக்கு வந்திருந்தது. சபா மாநிலத்தின் மீது பிலிப்பைன்ஸ் கொண்டாடிய உரிமையோ தீராமலே கிடந்தது. இப்படிப்பட்ட அண்டை வீட்டார் ஒரே மேசையில் அமர்ந்தபோது, யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்தாத சுருக்கமான அறிக்கை ஒன்றோடு நிறுத்திக்கொண்டது கோழைத்தனம் என்று கருதுவதற்கில்லை. அதைவிடக் கடுமையான ஆவணமாக இருந்திருந்தால் ஐந்து கையொப்பங்களும் விழுந்திருக்குமா என்பதே ஐயம்.

ஐரோப்பா வேறு வழியில் சென்றது. 1951ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை, நிலக்கரி, எஃகு ஆகிய இரண்டு துறைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றின் மீது அரசுகளுக்கு மேலான அதிகாரம் உடைய ஆணையம் ஒன்றையே நிறுவியது. ஆசியானின் செயலகமோ ஜகார்த்தாவில் இருந்துகொண்டு கூட்டங்களைக் கூட்டுகிறது, அறிக்கைகளைத் தொகுக்கிறது, கட்டளையிடுவதில்லை. 2008 டிசம்பரில் நடப்புக்கு வந்த ஆசியான் சாசனம் அமைப்புக்குச் சட்டத் தகுதியை வழங்கிற்றே தவிர, முடிவுகளை வாக்கெடுப்புக்கு விடாமல் இணக்க முடிவையே, அதாவது எவரும் மறுக்காத நிலையையே, அடிப்படையாகக் கொண்டது. செயலகத்தின் செலவுக்கு உறுப்பு நாடுகள் சமமான தொகையே செலுத்துகின்றன. சிங்கப்பூர் கட்டுவதைத்தான் லாவோஸும் கட்ட வேண்டும் என்னும்போது, மிக எளிய நாட்டின் கையிருப்பே அமைப்பின் வீச்சுக்கும் எல்லை வகுத்துவிடுகிறது. சமத்துவத்துக்கு இப்படியும் ஒரு விலை உண்டு.

ஆயினும் வணிகத்தில் இந்த மென்மையான அமைப்பு சாதித்தது குறைவன்று. ஆண்டுக்கு 1.4 கோடிக்கு மேற்பட்ட கொள்கலன் அலகுகளைக் கையாளும் கிள்ளான் துறைமுகத்தில் அதைக் கண்கூடாகக் காணலாம். கிள்ளானில் ஒரு தொழிற்சாலை ஆஸ்திரேலியக் கோதுமை மாவில் பிஸ்கட் செய்து தாய்லாந்துக்கு அனுப்புவதாகக் கொள்வோம். 2010 முதல் நடப்பில் இருக்கும் ஆசியான் சரக்கு வணிக உடன்படிக்கையின் பொது விதி இரண்டு வழிகளைத் தருகிறது: பொருளின் ஏற்றுமதி விலையில் குறைந்தது 40 விழுக்காடு ஆசியான் நாடுகளுக்குள் உருவான மதிப்பாக இருக்க வேண்டும், அல்லது உள்ளே வந்த மூலப்பொருளின் சுங்க வகைப்பாட்டு எண் வெளியே போகும் பொருளில் மாறியிருக்க வேண்டும். கோதுமை மாவின் எண் 1101, பிஸ்கட்டின் எண் 1905. எண் மாறிவிட்டது, எனவே பிஸ்கட் மலேசியப் பொருளாகிறது. அதற்குச் சான்றாக முதலீடு, வாணிப, தொழில் அமைச்சு வழங்கும் ‘டி படிவம்’ 2018இல் மலேசியா உள்ளிட்ட ஐந்து நாடுகளுக்கிடையே கணினி வழியாகப் பரிமாறப்படத் தொடங்கியது. சரக்கைச் சோதிக்கும் சுங்க அதிகாரிக்கு ஆசியானின் இலட்சியங்கள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எண்ணைச் சரிபார்க்கத் தெரிந்தால் போதும். உடன்படிக்கையின் வாசகம், சாதாரண அதிகாரி ஒருவர் விதியை வைத்துச் சரிபார்க்கக்கூடிய படிவமாக இறங்கிவந்த இடத்திலெல்லாம் ஒருங்கிணைப்பு நடந்திருக்கிறது. அப்படி இறங்காத இடத்தில் அறிக்கையாகவே நின்றுவிட்டது.

இறங்கியும் பயன் குன்றிய கதை ஒன்று ஷா ஆலாமில் உண்டு. 1985இல் அங்கிருந்து முதல் சாகா காரை வெளிக்கொணர்ந்த புரோட்டோனைக் காக்கும் பொருட்டு, கார்களுக்கான வரிக் குறைப்பை மலேசியா 2005 வரை தள்ளிவைத்தது. கார் உற்பத்தியில் முன்னேறிக்கொண்டிருந்த தாய்லாந்து கடிந்துகொண்டது. பின்னர் இறக்குமதி வரி சொன்னபடி குறைக்கப்பட்டது, ஆனால் அதனோடு கலால் வரி, அதாவது உள்நாட்டில் விற்கும் பொருளின் மீது விதிக்கும் வரி, உயர்த்தப்பட்டது. உடன்படிக்கையின் எழுத்து மீறப்படவில்லை. வாங்குபவரின் பணப்பைக்குத்தான் வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை.

பூசல் முற்றும்போது உறுப்பு நாடுகள் ஆசியானின் சொந்தத் தீர்ப்பு முறையை நாடாமல் வெளியே செல்வதே வழக்கமாகிவிட்டது. உலக வணிக அமைப்பில் 1995இல் பதிவான முதல் வழக்கே பிளாஸ்டிக் மூலப்பொருள் இறக்குமதி தொடர்பாக மலேசியாவின் மீது சிங்கப்பூர் தொடுத்ததுதான். அது சில மாதங்களில் மீட்டுக்கொள்ளப்பட்டது. சிப்பாடான், லிகித்தான் தீவுகள் 2002இல் மலேசியாவுக்கு என்றும், பத்து புத்தே தீவு 2008இல் சிங்கப்பூருக்கு என்றும் தீர்த்தது ஹேக் நகரின் அனைத்துலக நீதிமன்றம்.

இன்று பட்டம் பெறுவோரை நேரடியாகத் தொடுவது வேறொரு பிரிவு. பொறியியலுக்கு 2005இலும், தாதிமைக்கு 2006இலும், கட்டடக் கலைக்கு 2007இலும், மருத்துவத்துக்கு 2009இலும் பரஸ்பர அங்கீகார ஏற்பாடுகள் கையொப்பமாயின; ஒரு நாட்டின் தொழில்தகுதியை இன்னொரு நாடு ஏற்பதே இவற்றின் நோக்கம். ஆசியான் பட்டயப் பொறியாளர் என்று பதிவு செய்துகொள்ளவும் இயலும். ஆனால் அயல்நாட்டில் பணியாற்ற அந்நாட்டு வாரியத்தின் அனுமதியும் உள்நாட்டுப் பொறியாளரின் கூட்டும் தேவை. பிஸ்கட்டுக்குக் கிடைத்த எண் பொறியாளருக்குக் கிடைக்கவில்லை. முடிவு ஒவ்வொரு வாரியத்தின் விருப்புரிமையாகவே இருக்கிறது. 2025 அக்டோபரில் கோலாலம்பூர் உச்சநிலை மாநாட்டில் திமோர் லெஸ்தே பதினோராவது உறுப்பினராகச் சேர்ந்திருப்பதால், இணங்க வேண்டிய வாரியங்களும் கூடத்தான் போகின்றன. சட்டம், பொறியியல், மருத்துவம் கற்று வெளியேறுவோர் சில ஆண்டுகளில் அவ்வாரியங்களில் தாமே அமரக்கூடும் என்பதால், இது அவர்கள் குறைகூறும் விஷயம் மட்டுமன்று, திருத்தக்கூடிய விஷயமும் ஆகும்.

மென்மையே எப்போதும் உகந்தது என்று கொள்வதற்கும் இடமில்லை. ஜொகூரும் சிங்கப்பூரும் 1962இல் செய்துகொண்ட தண்ணீர் ஒப்பந்தம், ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை, ஆயிரம் காலனுக்கு 3 சென் என்று அளவையும் விலையையும் எண்ணாலேயே எழுதிவைத்தது. 1965ஆம் ஆண்டின் பிரிவினை உடன்படிக்கை அதற்கு உறுதியளித்தது. விலையை மறுஆய்வு செய்யும் உரிமை 25 ஆண்டு கழித்தும் நீடிக்கிறதா என்பதில் இரு அரசுகளும் இன்றுவரை முரண்படுகின்றன, ஆயினும் அம்முரண்பாட்டால் குழாயில் நீர் நின்றதில்லை. அந்த ஒப்பந்தம் 2061இல் காலாவதியாகும். இன்று பட்டம் பெறுவோரில் பலர் அப்போது அறுபதை நெருங்கியிருப்பார்கள், அடுத்த வாசகத்தை எழுதப்போகும் மேசையின் இரு பக்கமும் அவர்கள் தலைமுறையினரே அமர்ந்திருப்பார்கள்.