தயிர் இருக்க மாத்திரை எதற்கு?
(கிளைக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



"தினமும் தயிர்சாதம் சாப்பிடுகிறோம், நமக்கு எதற்கு ஓய் புரோபயாடிக்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நானும் அப்படிப் பேசியவன்தான். போன வருஷம் இருமலுக்கு, வீட்டில் மீந்திருந்த ஆன்டிபயாடிக்கை டாக்டரைக் கேட்காமல் ஐந்து நாள் விழுங்கினேன். பி.எஸ்ஸி. படித்தவன் செய்கிற காரியமா! இருமல் நிற்கவில்லை; வயிற்றுப்போக்கு வந்து சேர்ந்தது. மோராய்க் குடித்தும் கட்டுப்படாமல், டிரிப்ஸ் ஏற்றும்படி ஆயிற்று.

குடலில் குடியிருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்கள், கெட்ட கிருமிகள் தலையெடுக்காமல் காக்கின்றன. மருந்து அவற்றையும் சேர்த்து அழித்துவிட்டது. டாக்டர் கொடுத்தது சாக்கரோமைசிஸ் பூலார்டி என்ற ஈஸ்ட். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து ஈஸ்டை ஒன்றும் செய்யாது.

உயிருள்ள நுண்ணுயிர், போதிய அளவில் உட்கொள்ளும்போது, உடலுக்கு நன்மை தரவேண்டும். அதுதான் புரோபயாடிக் என்று 2001-ல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு வகுத்தது. நம் வீட்டு உறையில் எந்த பாக்டீரியா, எத்தனை என்று யாருக்குத் தெரியும்? தயிர் நல்ல ஆகாரம், சந்தேகமில்லை. மருந்து என்று சொல்வதற்கில்லை. கொதித்த மோர்க்குழம்பைப் பற்றிப் பேசவே வேண்டாம், மாமிகள் மன்னிக்கவும்.

சரியான நுண்ணுயிர் என்ன செய்யும் என்பதற்கு நம் ஒடிசாவே சாட்சி. அங்கே கிராமங்களில் ஆரோக்கியமாய்ப் பிறந்த 4,500-க்கும் மேற்பட்ட சிசுக்களில் ஒரு பாதிக்கு, லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்ற பாக்டீரியாவை அதற்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரையுடன் 7 நாள் கொடுத்தார்கள். செப்சிஸ் என்னும் கிருமித்தாக்குதலுக்கோ மரணத்துக்கோ ஆளானவை, கொடுக்காத பிரிவில் 9 சதவீதம்; கொடுத்த பிரிவில் 5.4. 2017-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இது. அதற்காக எல்லாச் சிசுவுக்கும் கொடுக்கலாம் என்றில்லை. மிகக் குறைமாதக் குழந்தைகளுக்கு ஆபத்து நேரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ல் எச்சரித்தது.

கால்நடைகளுக்கும் இது பொருந்தும். இன்குபேட்டரில் பொரித்த குஞ்சு தாய்க்கோழியின் முகமே பார்ப்பதில்லை. அதன் குடல் காலி மனை மாதிரி. வளர்ந்த கோழியின் குடல் நுண்ணுயிர்களைக் கொடுத்தால் சால்மொனெல்லா கிருமி குடியேறாது என்று 1973-ல் பின்லாந்து விஞ்ஞானிகள் காட்டினார்கள். கறவை மாட்டுக்கும் தீவனத்தில் ஈஸ்ட் கலக்கிறார்கள். தீனியில் ஆன்டிபயாடிக் கலந்து வளர்த்தால், மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகி நம்மிடமே வரும். அதனால்தான் 2019-ல் நம் அரசு கொலிஸ்டின் மருந்தைத் தீவனத்தில் சேர்க்கத் தடை விதித்தது.

புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், எதிர்ப்பு சக்தி குன்றியவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவேண்டாம். மற்றவர்களும் டப்பாவில் நுண்ணுயிரின் பெயர், எண்ணிக்கை, காலாவதித் தேதி மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டிபன் ஆறுகிறது. நமஸ்காரம்.