கோதுமை பன்: பெயரில் கோதுமை, உள்ளே என்ன?



மார்டள்ளிப் பக்கத்து மேட்டு நிலங்களுக்கு ஏற்ற தானியம் கேழ்வரகு. ராகி என்றும் சொல்வார்கள். களியும் கூழும் இங்கே பழைய உணவு. இப்போது அதோடு பன்னும் சேர்ந்துகொண்டது. காலையில் நேரம் இல்லையா? பிள்ளைக்கு ஒரு பன். காய்ச்சலா? ஒரு பன். கொள்ளேகாலத்துக்கு பஸ் ஏற வேண்டுமா? டீயும் பன்னும்.

நடுவில் அறுத்து, உள்ளே காய் வைத்துத் தின்னும் சாண்ட்விச் பன்னும் பாக்கெட்டில் வருகிறது. சில பாக்கெட்டுகளின் மேல் ‘கோதுமை பன்’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். விலையும் சற்றுக் கூடுதல். அந்தக் கூடுதல் காசுக்கு உள்ளே கூடுதலாக என்ன இருக்கிறது? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

கோதுமை மணியில் மூன்று பகுதிகள்

ஒரு கோதுமை மணியை எண்ணிப் பாருங்கள். வெளியே தவிடு. அடியில் சின்னஞ்சிறு முளை. நடுவில் வெள்ளை மாவு. 100 கிராம் கோதுமையில் ஏறக்குறைய 14 கிராம் தவிடு. 3 கிராம் முளை. மற்றது வெள்ளை மாவு.

முழு மணியையும் அரைத்தால் அது ஆட்டா. தவிட்டையும் முளையையும் நீக்கி, வெள்ளை மாவை மட்டும் எடுத்தால் அது மைதா. மைதா என்றால் மரவள்ளிக் கிழங்கு மாவு என்று சிலர் நினைக்கிறார்கள். பேக்கரியில் பன் செய்யும் மைதா கோதுமையிலிருந்துதான் வருகிறது. ஆகவே மைதா பன்னைக் ‘கோதுமை பன்’ என்று சொன்னால் அது முழுப் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

தவிட்டோடு போகும் சத்து

ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. அது 2017-இல் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை வெளியிட்டது. அதில் உள்ள கணக்கைப் பாருங்கள். எல்லாம் 100 கிராம் மாவுக்கு உள்ள கணக்கு.

புரதம்: ஆட்டாவில் 10 கிராமுக்குச் சற்று மேல். மைதாவிலும் ஏறக்குறைய அவ்வளவே.
நார்ச்சத்து: ஆட்டாவில் 11 கிராம். மைதாவில் 3 கிராமுக்கும் குறைவு.
இரும்புச்சத்து: ஆட்டாவில் 4 மில்லிகிராம். மைதாவில் 2 மில்லிகிராமுக்கும் குறைவு.

புரதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. நார்ச்சத்திலும் இரும்புச்சத்திலும்தான் வேறுபாடு. தவிட்டோடு அவையும் போய்விடுகின்றன.

இது சின்ன விஷயமா? 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு ஒன்று உண்டு. இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை என்று அது சொல்கிறது. களைப்பு, மூச்சு வாங்குதல், தலைசுற்றல் எல்லாம் இதனால் வரலாம். இரும்புச்சத்துக் குறைவு இதற்கு ஒரு பெரிய காரணம்.

பிறகு ஏன் மைதா?

பன் மெத்தென்று உப்ப வேண்டும். ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவில் காற்று உண்டாகிறது. மாவில் உள்ள பசை அந்தக் காற்றைப் பிடித்து வைக்கிறது. தவிடு அந்தப் பசையை அறுக்கும். அதனால் முழுக்க ஆட்டாவில் செய்த பன் சற்றுக் கனமாக இருக்கும். முளையில் எண்ணெய் இருப்பதால் ஆட்டா சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். மைதா அதிக நாள் தாங்கும். பேக்கரிக்காரருக்கு இது வசதி.

ஆட்டாவில் நல்ல பன் செய்யவே முடியாது என்று நினைக்காதீர்கள். பக்குவம் தெரிந்தால் முடியும். மைசூரில் 1950 முதல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மாவு அரைப்பது, ரொட்டி சுடுவது பற்றி அங்கே ஆய்வும் பயிற்சியும் நடக்கின்றன.

பாக்கெட்டைத் திருப்புங்கள்

முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். பின்பக்கத்தில் இருப்பது கணக்கு.

எதில் செய்தது என்ற பட்டியல் அங்கே இருக்கும். எது எடையில் அதிகமோ, அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். முதல் பெயர் மைதாவா? அப்படியானால் அது மைதா பன். முதலில் ஆட்டா இருந்தால் ஆட்டா அதிகம்.

பட்டியல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தயங்க வேண்டாம். பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். ‘ரிஃபைண்ட் வீட் ஃப்ளார்’ என்றால் மைதா. ‘ஹோல் வீட் ஃப்ளார்’ என்றால் ஆட்டா.

எண்களை நீங்களே படிக்கலாம். பட்டியலில் 150 என்ற எண்ணும் அதன் பின் ஓர் எழுத்தும் இருக்கிறதா? அது காரமல் என்னும் பழுப்பு நிறம். பன் பழுப்பாக இருப்பதால் மட்டும் அது ஆட்டா பன் ஆகிவிடாது. சோடியம் என்பது பெரும்பாலும் உப்பின் கணக்கு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குக் குறைவாகவே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்த எண்ணைக் கட்டாயம் பாருங்கள்.

பேக்கரியில் உதிரியாக வாங்கும் பன்னுக்குச் சீட்டு இல்லை. “அண்ணா, இது மைதாவா, ஆட்டாவா?” என்று கேளுங்கள். காசு கொடுத்து வாங்குபவர் கேட்கலாம்.

ஒரு பன் எவ்வளவு தரும்?

ஒரு பன் 60 கிராம் என்று வையுங்கள். அதில் மாவு சுமார் 35 கிராம் இருக்கும். மற்றது தண்ணீர், சர்க்கரை, எண்ணெய், உப்பு. மைதா பன் என்றால் அந்த மாவில் இரும்புச்சத்து சுமார் அரை மில்லிகிராம்தான். ஆட்டா பன் என்றால் ஏறக்குறைய ஒன்றரை மில்லிகிராம். வயது வந்த ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும். ஆட்டா பன்னும் தனியாகப் போதாது.

ஆகவே பன்னுக்கு உள்ளே வைப்பதைக் கவனியுங்கள். அவித்த முட்டை வைக்கலாம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. அவித்த பயறு, நசுக்கிய கொண்டைக்கடலை, நிலக்கடலைச் சட்னி ஏதாவது வைக்கலாம். தக்காளி வைத்து எலுமிச்சை பிழியுங்கள். அந்தப் புளிப்பில் உள்ள வைட்டமின் சி இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்க உதவும். டீ அதைத் தடுக்கும். டீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல், ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

வீட்டில் இருக்கும் கேழ்வரகையும் மறக்காதீர்கள். 35 கிராம் கேழ்வரகு மாவில் சுண்ணாம்புச்சத்து சுமார் 127 மில்லிகிராம். அதே அளவு ஆட்டாவில் 11. மைதாவில் 7. எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய சத்து இது. பன் இல்லாத நாளில் பிள்ளைக்குக் கேழ்வரகு அடை கொடுத்தால் குறைவு என்று நினைக்க வேண்டாம். அவசரத்துக்குப் பன் வாங்கலாம். வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

பேசிப் பாருங்கள்

1. ஆட்டாவுக்கும் மைதாவுக்கும் என்ன வேறுபாடு?
2. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பட்டியலில் முதல் பெயர் எது?
3. பன்னுக்கு உள்ளே வைக்க உங்கள் வீட்டில் இன்று என்ன இருக்கிறது?